மூன்று டிரைவும் ஒன்றாம் நம்பர் டிஸ்க்கும்

2025 யூன் 14, சனி

கணினி வந்துவிட்டது! என் மனுசன் றிபாத் அதை ஓட்டோவில் ஏற்றி வந்து வாசலில் இறக்கியபோது, ஒழுங்கையை மறித்துக்கொண்டு படுத்திருந்த கழுதைகள் இரண்டும் எழுந்து வழிவிட்டன. மன்னார்க் கழுதை தானாக எழுந்து வழிவிடுவதென்றால் சும்மா விஷயமா? இத்தனை வருடமாகப் பள்ளிக்கூடத்தில் ஊரார் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிறேன், வீட்டில் எனக்கென்று ஒன்று இன்றுதான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் கேட்டதை மறுபேச்சுப் பேசாமல் அவர் வாங்கித் தந்ததும் இதுதான் முதல் தடவை.

பெட்டியைத் திறந்தபோது வந்த புது வாசனையை மூக்கு முட்ட இழுத்தேன். றிபாத்தின் உம்மா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “பிரியாணிச் சட்டியத் துறந்த மாதிரியெல்லோ மணந்து பாக்கிற,” என்றார். சொன்னால் சொல்லட்டும் மாமி.

எல்லாம் சரி. முன்பக்கம் மட்டும் மொழுமொழுவென்று இருக்கிறது. டிஸ்க் போடுகிற வாய் இல்லை! இப்போது வருகிற கணினி ஒன்றுக்கும் இல்லையாம். என்னிடம் பாட டிஸ்க்குகள் ஒரு கடதாசிப் பெட்டி நிறையக் கிடக்கின்றன. ஆகவே தனியாக ஒரு டிரைவ் வாங்க வேண்டும். எந்த டிரைவ்? தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, புள்ளி போட்டு... எனக்கு இன்னொரு பெருநாள் வந்த மாதிரி இருக்கிறது.

யூன் 15, ஞாயிறு

பாட டிஸ்க்குகளைத் தேடி அலுமாரியின் அடித்தட்டைக் கிளறியபோது அது கையில் அகப்பட்டது. எங்கள் கலியாண டிஸ்க். ஒன்றாம் நம்பர்.

எங்கள் கலியாணத்துக்கு டிஸ்க் இரண்டு. புத்தளத்தில், அகதிகளாக இருந்த குடியிருப்பில் நடந்த கலியாணம். வெளியே பந்தலில் ஆண்கள் பக்கத்தைக் கமராக்காரர் படம் பிடித்தார். உள்ளே பெண்கள் பக்கத்தை அவருடைய மனைவி பிடித்தார். இரண்டையும் கலக்கக்கூடாது, பெண்கள் பக்கம் வெளியாள் கண்ணில் படக்கூடாது என்று மாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கமராக்காரர் பயந்துபோய்ப் பெயர்கூட எழுதாமல் 1, 2 என்று மட்டும் போட்டுக் கொடுத்தார். இரண்டாம் டிஸ்க்கை அயல்வீட்டில் கதவு யன்னல் எல்லாம் சாத்திவிட்டுப் பெண்கள் நாங்கள் பார்த்தோம். மாமி வரவில்லை, அவருக்குப் படம் பார்ப்பதே பிடிக்காது. ஒன்றாம் டிஸ்க்கை நான் இன்றுவரை பார்க்கவில்லை. “பிறகு பாப்பம், பிறகு பாப்பம்” என்று றிபாத் தள்ளிப்போட்டார். மன்னாருக்குத் திரும்பி வந்தபிறகு போட்டால் ஓடவில்லை. லொறியில் அடிபட்டிருக்கும் என்றார்கள்.

அதில்தான் என் நிக்காஹ் இருக்கிறது. என் நிக்காஹில் நான் இருக்கவில்லை. அடம்பன் பக்கம் படிப்பிக்கிற என் சிநேகிதி டினோஜாவுக்கு இதை விளங்கப்படுத்த ஒருமுறை பெரும்பாடு பட்டேன். கோயிலில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற சனத்துக்கு இது எப்படி விளங்கும்? பெண் உள்ளே அறையில் இருப்பாள். வெளியே வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொல்வார். புத்தகத்தில் கையெழுத்தும் வாப்பாதான் வைத்தார். எனக்குக் கேட்டது எல்லாம் முடிந்தபிறகு பெண்கள் போட்ட குரவை மட்டும்.

வாப்பா எப்படிச் சொன்னார்? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

வாப்பா சரிபுதீன் மீன் ஏலம் கூறுகிறவர். அவர் தொண்டையைத் திறந்தால் கடலில் நிற்கிற போட்டில் கேட்கும். அன்றைக்கு நிக்காஹ் முடிந்து உள்ளே வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, “ஏலம் கூறின மாதிரி ஒரே மூச்சில சொல்லி முடிச்சிட்டன்,” என்றார். எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். வாப்பாவின் வீடு தொண்ணூறில் முஸ்லிம் சனத்தையெல்லாம் ஊரைவிட்டுத் துரத்தியபோது விட்டுவிட்டு ஓடிய வீடு, கொடுக்க வேறு வீடு இல்லை. அதனால் நான்தான் மாமி வீட்டுக்குப் போனேன். போகிற மகளைப் பார்த்து ஒரு மனுசன் அப்படிச் சிரிப்பாரா? ஒரு கூடை மீனுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லையா? பதினெட்டு வருடமாகியும் அந்தச் சிரிப்பு எனக்கு ஆறவில்லை.

நல்ல டிரைவ் ஒன்று வாங்கினால் அது ஓடலாம். ஓடும்! ஏன் இது எனக்கு இவ்வளவு நாளும் தோன்றவில்லை?

றிபாத்திடம் சொன்னேன். “என்னத்துக்கு இப்ப அதெல்லாம்,” என்றுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

யூன் 16, திங்கள்

வாப்பா எருக்கலம்பிட்டியிலிருந்து போன் எடுத்தார். நேற்று நான் போனில் சொன்னதை என் உம்மா அவரிடம் சொல்லிவிட்டாராம். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துத்தான் கேட்டேன். “புள்ள, அந்தப் பிளேட்டு ஓடுமாமா? மெய்யாவா? அது பழுதாப்போனதெல்லோ?” ஓட வைப்பேன் என்று சொன்னேன். “எப்பத் தெரியும்?” என்று கேட்டார். அவருக்கும் ஆர்வம்தான்.

யூன் 17, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு நேரே எமில் அண்ணையின் கடைக்குப் போனேன். பஸ் நிலையத்தடியில் கணினி சாமான் விற்கிறவர், எது கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

“டீச்சர், இப்ப ஆர் டிஸ்க் போடுறது? எங்கட தோட்டவெளியில சீடியளக் கட்டித் தொங்கவிட்டுக் காகம் கலைக்கினம்.”

“கலைக்கட்டும். நீங்கள் இருக்கிறதைக் காட்டுங்கோ.”

ஒரு மணித்தியாலம் அவர் கழுத்தை அறுத்து எடுத்துவிட்டேன். சந்தையில் இப்போது மூன்று சாதி இருக்கிறது. மூன்றுக்கும் பெயரும் வைத்துவிட்டேன்.

மெல்லிசு: கொப்பி அளவு தடிப்பு, ஒரு வயர், குத்தினால் வேலை செய்யும். விலையும் மெல்லிசு. மின்சாரத்தைக் கணினியிடமே வாங்கிக்கொள்ளும்.

தடியன்: கணினிப் பெட்டிக்குள்ளே பூட்டுகிறது. தனி மின்சாரம் வேண்டும். வேகம். என் புதுப் பெட்டியில் அதற்கு இடம் இல்லை, வெளியே வைத்து வேறு வயரால் இணைக்க வேண்டும்.

நீலம்: நீல ஒளியால் படிக்கிற பெரிய டிஸ்க்குகளுக்கானது. சாதாரண டிவிடிக்குச் சிவப்பு ஒளியும் உள்ளே இருக்கிறது. விலையைக் கேட்டு நான் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், பெட்டிகளில் எல்லாம் எவ்வளவு வேகமாக எழுதும் என்றுதான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பழுதான டிஸ்க்கை எவ்வளவு பொறுமையாகத் திரும்பத் திரும்பப் பார்க்கும் என்று ஒருவரும் போடவில்லை. எனக்கு வேண்டியது பொறுமை.

“உங்கட டிஸ்க் ஓடாது, பந்தயம் பிடிப்பமா?” என்றார் எமில் அண்ணை. எங்களுக்குப் பந்தயம் ஹராம் என்றேன். அப்படியானால் ஓடிவிட்டால் ‘டீச்சர் சொன்னால் சரி’ என்று பலகையில் எழுதிக் கடை முகப்பில் தொங்கவிடுவதாகச் சொன்னார். அது ஹராம் இல்லைத்தானே!

மெல்லிசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

யூன் 18, புதன்

முன்பக்கத் துளையில் குத்தினேன். டிக், டிக் என்று முனகிவிட்டு நின்றுவிட்டது. மின்சாரம் போதவில்லை. பின்பக்கத் துளைக்கு மாற்றினேன். சுற்றத் தொடங்கியது.

வந்தது! பந்தல் வந்தது! வாழைக்குலை, கடதாசிப் பூ, நீலக் கதிரைகள். மௌத்தாகி அடக்கமான பெரியப்பா சேர்ட் பையில் பேனையோடு நடந்துபோகிறார். றிபாத்தைப் பார்க்க வேண்டும்! ஒல்லிக்குச்சி! தொப்பி காதுவரை இறங்கியிருக்கிறது. வாப்பா வெள்ளைச் சேர்ட்டும் சாரமுமாக வந்து பாயில் இருக்கிறார். பதிவுகாரர் புத்தகத்தை விரிக்கிறார். வாப்பா கையை நீட்டுகிறார்.

அவ்வளவுதான். படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. பத்துத் தடவை போட்டேன், பத்துத் தடவையும் அதே இடம். வேறு இடமே கிடைக்கவில்லையா உனக்கு நிற்க?

மெல்லிசுக்கு நூற்றுக்கு ஐம்பது.

யூன் 19, வியாழன்

டிஸ்க்கை வெயிலில் சரித்துச் சரித்துப் பார்த்தேன். ஒரு விஷயம் பிடிபட்டது.

நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக விழுந்த கீறலை எந்த டிரைவும் ஓரளவு சமாளிக்கும். ஒரு சுற்றில் ஒரு சொட்டுத்தான் பழுதாகும். வட்டத்தோடு வட்டமாக விழுந்த கீறல்தான் ஆபத்து, தொடர்ந்து எல்லாவற்றையும் அழித்துக்கொண்டு போகும். எங்கள் டிஸ்க்கில் இருப்பது வட்டக் கீறல்கள். அதுவும் இடியப்பம் பிழிந்த மாதிரிச் சுற்றிச் சுற்றி.

லொறியில் அடிபட்டால் இவ்வளவு ஒழுங்காக வட்டம் விழுமா?

பற்பசை தேய்த்தால் போய்விடும் என்று எமில் அண்ணை போனில் சொன்னார். என் நிக்காஹுக்குப் பற்பசையா! வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த கையோடு வாப்பா எடுத்தார். “ஓடினதா?” பாதி ஓடினது வாப்பா என்றேன். “எந்தப் பாதி?”

யூன் 21, சனி

அடம்பனுக்குப் போய் வந்தேன். டினோஜாவிடம் ஒரு தடியன் பெட்டி உடைக்காமல் கிடக்கிறதாம், வாங்கி வைத்துப் பூட்ட இடம் இல்லாமல். பாலம் தாண்டும்போது சோளகக் காற்று பஸ்ஸையே தூக்கிப் போடுகிற மாதிரி அடித்தது. முகமெல்லாம் உப்பும் புழுதியும்.

டினோஜா தடியனோடு அதை வெளியே வைத்து இணைக்கிற வயரும் மின்சாரக் கட்டியும் தந்தாள். “அக்கா, உங்களுக்கு உண்மையா என்ன வேணும்? டிரைவா, டிஸ்க்கா?” என்று கேட்டாள். வாப்பாவின் கதையைச் சொன்னேன். அவள் தன் கலியாணப் படத்தில் அப்பா அழுத அழுகையில் கமராவே ஆடியது என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது.

யூன் 22, ஞாயிறு

தடியன் மேசையில் நிர்வாணமாகக் கிடந்து கத்துகிறது. மா அரைக்கிற மெசின் தோற்றது. மாமி காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்.

ஆனால் மெல்லிசு நின்ற இடத்தை ஒரே பாய்ச்சலில் தாண்டிவிட்டது! வாப்பாவின் கை றிபாத்தின் கையைப் பிடித்திருக்கிறது, அது நன்றாகத் தெரிகிறது. பெருவிரல் நகம்கூடத் தெரிகிறது. பிறகு சத்தம் இல்லை. பிறகு படமும் இல்லை. பிறகு திடீரென்று எல்லாரும் பெரிய சகன் தட்டுகளைச் சுற்றி இருந்து சாப்பிடுகிறார்கள். தடியன் அவசரக்காரன். படிக்க முடியாவிட்டால் பொறுமையாக நிற்கமாட்டான், தாண்டிக் குதித்துவிடுவான்.

வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுப் பார்த்தேன். சத்தம் குறைந்தது, கொஞ்சம் கூடப் படித்தது. ஆனாலும் அந்த வார்த்தை வரவில்லை.

தடியனுக்கு அறுபது. இனி நீலம்தான் வழி. எமில் அண்ணைக்குப் போன் போட்டேன். கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருவார், பிடிக்காவிட்டால் ஒரு கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கலாமாம்.

யூன் 24, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதாமல் விட்டால் நான் மனுசியே இல்லை.

பள்ளிக்கூடத்தால் வந்து தடியனில் டிஸ்க்கைப் போட்டுப் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி தேத்தண்ணி கொண்டுவந்தார். திரையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“உதில என்ன ஆம்பிளையள் இருக்கினம்?”

“ஆம்பிளைப் பக்கம்தானே மாமி. ஒண்டாம் நம்பர்.”

“ஒண்டாம் நம்பர் பொம்பிளைப் பக்கமெல்லோ?”

“இல்ல மாமி, அது ரெண்டு.”

மாமி கதிரையில் இருந்துவிட்டார். முகம் வெளிறிப்போனது. எனக்குப் பயம் வந்துவிட்டது, தண்ணீர் கொடுத்தேன். பிறகுதான் மெல்ல மெல்லச் சொன்னார். மன்னாருக்குத் திரும்புகிற நேரம், சாமான் ஏற்ற வந்த பொடியன்மார் பெட்டியைத் திறந்து பெண்கள் பக்கத்தைப் போட்டுப் பார்த்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். கலியாணச் சாமானை உடைக்க மனம் வரவில்லை. அதனால் தொப்பி தைக்கிற ஊசியை எடுத்து, பளபளக்கிற பக்கத்தில் சுற்றிச் சுற்றிக் கீறிவிட்டார்.

“பொம்பிளை இல்லாம ஒரு கலியாணமா? அப்ப ஒண்டாம் நம்பர் பொம்பிளைப் பக்கமாத்தானே இருக்கோணும் எண்டு நினைச்சிட்டன், புள்ள.”

கோபம் வரவேண்டும். வந்தது. எவ்வளவு வருடம் லொறிக்காரனைத் திட்டினேன்! ஆனால் மாமி அதோடு நிறுத்தவில்லை. திடீரென்று வாயில் கையை வைத்தார். “அல்லாஹ்வே... ரெண்டாம் நம்பர ஆம்பிளைப் பக்கமெண்டு நினைச்சு உங்கட பெரிய மச்சானுக்கெல்லோ குடுத்துவிட்டனான்!”

“அவரிட்டப் பிளேயரே இருக்கேல்ல மாமி,” என்று சொல்லி முடிக்கவில்லை, எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. மாமிக்கும் வந்துவிட்டது. இருவரும் கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். றிபாத் வந்து என்ன விஷயம் என்று கேட்டார், சொல்ல முடியவில்லை.

யூன் 25, புதன்

வகுப்பில் கரும்பலகையில் 1, 2 என்று எழுதிவிட்டுச் சிரித்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை!

யூன் 28, சனி

நீலம் வந்துவிட்டது. கறுப்பு, கனமாக, வழுவழுவென்று. எமில் அண்ணை அதைக் குழந்தைப் பிள்ளையைத் தருகிற மாதிரி இரண்டு கையாலும் தந்தார்.

இதுவல்லவா டிரைவ்! கீறல் வந்ததும் வேகத்தைத் தானே குறைக்கிறது, நின்று நிதானித்து மறுபடி மறுபடி பார்க்கிறது. வாப்பாவின் குரல் வந்துவிட்டது. “எனது மகள்...” இரண்டே இரண்டு சொல்! நான் எழும்பி நின்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகு மறுபடி ஓட்டை. ஓட்டைக்குப் பிறகு ஒரு துண்டு, பிறகு ஓட்டை.

ஆனால் ஒரு அதிசயம்: நீலம் விட்ட ஒரு இடத்தை மெல்லிசு சுகமாகப் படிக்கிறது. மெல்லிசு விட்டதைத் தடியன் படிக்கிறான். மூன்றுக்கும் கண் மூன்று விதம். அப்படியானால்...

அட! நான் என்ன மடைச்சி! மூன்று பிள்ளைகள் எழுதிய விடைத்தாள். ஒருவரும் முழுக்க எழுதவில்லை, ஆனால் மூன்றையும் சேர்த்தால் விடை முழுசு. இரண்டு கிழமையாக எவன் முதலாம் பிள்ளை என்று புள்ளி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

யூன் 29, ஞாயிறு

அதற்கென்று மென்பொருளே இருக்கிறது, இலவசம். டிஸ்க்கில் படிக்க முடிந்த துண்டுகளை எடுத்துக் கணினியில் சேர்த்துவைக்கும், முடியாத இடங்களைக் குறித்துக்கொள்ளும். அடுத்த டிரைவில் போட்டால் அந்த இடங்களை மட்டும் தேடிப் போகும். காலையிலிருந்து முதலில் நீலம், பிறகு மெல்லிசு, பிறகு தடியனை மெதுவாக, மறுபடி நீலம். திரையில் சிவப்பாக இருந்த இடங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. சமைக்கவில்லை. மாமி தானே ஆக்கித் தந்தார், ஊசி போட்ட பாவம் தீரட்டும் என்று.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரேயொரு சிவப்புப் புள்ளிதான் மிச்சம். அது சாப்பாட்டு இடத்தில். போனால் போகட்டும்.

றிபாத் பின்னால் வந்து நின்றார். “சரிவந்திட்டுதா?”

“முழுக்க!”

அவர் முகத்தில் சந்தோசம் இல்லை. “பாக்காம விடேலாதா, ஸஜா?”

“ஏன்?”

“பாத்தாப் பிறகு சொல்றன்.”

யூன் 30, திங்கள்

பார்த்தேன்.

யூலை 1, செவ்வாய்

எழுதுகிறேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பதிவுகாரர் சொல்லிக் கொடுக்கிறார். வாப்பா திருப்பிச் சொல்ல வேண்டும். “எனது மகள்...” என்கிறார் வாப்பா. நிற்கிறார். பதிவுகாரர் மறுபடி சொல்லிக் கொடுக்கிறார். வாப்பா வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை. எங்கள் வாப்பாவுக்குச் சத்தம் வரவில்லை! மின்விசிறிச் சத்தம்தான் கேட்கிறது. ஆண்கள் எல்லாரும் பாயைப் பார்க்கிறார்கள். யாரோ தண்ணீர் கொடுக்கிறார்கள். குடிக்கிறார். றிபாத்தின் கையை விடவில்லை, மற்றக் கையால்தான் குடிக்கிறார்.

“எனது மகள் ஸஜா...” என்கிறார். வீட்டில் கூப்பிடுகிற பெயர். “முழுப் பேரையும் சொல்லுங்கோ,” என்கிறார் பதிவுகாரர். வாப்பா தலையை ஆட்டுகிறார். முகத்தைத் தோளில் துடைக்கிறார். பிறகு சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார், நிக்காஹ் செய்து தந்தேன் என்று முடித்தார். ஆனால் எவ்வளவு மெல்லமாக என்றால், சாட்சிக்காரர்களிடம் உங்களுக்குக் கேட்டதா என்று பதிவுகாரர் கேட்க வேண்டியிருந்தது. உள்ளே குரவை கேட்கிறது. அந்தக் குரவைக்குள் நான் இருந்தேன், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் வாப்பா குனிந்து இருந்து தேம்பித் தேம்பி அழுகிறார். பிறகு கமராவைப் பார்த்துவிட்டுக் கையை வீசுகிறார். “தம்பி, இத வெட்டிப்போடு.”

நல்ல காலம் கமராக்காரர் வெட்டவில்லை. அவர் எங்கிருந்தாலும் நல்லாயிருக்க வேண்டும்.

றிபாத் பிறகு சொன்னார். அன்றைக்கு உள்ளே வருவதற்கு முன் வாப்பா முகம் கழுவிவிட்டு வந்து அவரிடம் கேட்டாராம். “மருமகன், நான் அழுததப் புள்ளைக்குச் சொல்லிப்போடாதீங்கோ. தெரிஞ்சா அவ உங்கட வீட்டில தரிக்கமாட்டா. எனக்காகத் திரும்பி வந்திருவா. வந்தா வச்சிருக்க என்னட்ட வீடில்ல.”

அதனால்தான் இவ்வளவு வருடமும் “பிறகு பாப்பம்”. டிஸ்க் பழுதானபோது றிபாத் சந்தோசப்பட்டிருக்கிறார், பாவம்.

வாப்பா சொன்னது சரி. அந்த முதல் வருடம் மாமி வீட்டில் நான் பட்ட பாட்டுக்கு எத்தனை தரம் பையில் உடுப்பை அடுக்கினேன்! அடுக்கிவிட்டு, போனால் யார் ஏந்தப்போகிறார்கள், சிரித்துக்கொண்டே அனுப்பிய மனுசன்தானே என்று நினைத்துத் திரும்ப எடுத்து வைப்பேன். அழுதவர் என்று தெரிந்திருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே போயிருப்பேன். இந்த வீடு, இந்தப் படிப்பு, வேலை, மாமியோடு சிரித்த சிரிப்பு, ஒன்றும் இருந்திருக்காது. என்ட வாப்பா. என்ட வாப்பாவப் போய் நான் என்னவெல்லாம் நினைச்சிட்டன்.

சந்தோசமாக இருக்கிறது. அழுகையும் வருகிறது. இரண்டும் சேர்ந்து வருகிறது, என்ன செய்ய?

பின்னேரம் வாப்பா போன் எடுத்தார். “ஓடினதா, புள்ள?” இன்று அந்தக் கேள்வி வேறு மாதிரிக் கேட்டது. இத்தனை நாளும் ஆர்வம் என்று நினைத்தேனே! மனுசன் பயத்தில் கேட்டிருக்கிறார். வகுப்புக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டேன். பின்னேரத்தில் என்ன வகுப்பு?

யூலை 3, வியாழன்

நீலத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

“என்ன டீச்சர், ஓடினதா?” என்றார் எமில் அண்ணை. கடையில் வேறு இரண்டு பேரும் நின்றார்கள். சொல்ல வேண்டும் போல நாக்கு துடித்தது. மூன்று டிரைவையும் சேர்த்து ஒரு டிஸ்க்கை மீட்டிருக்கிறேன், மன்னாரில் வேறு யார் செய்திருக்கிறார்கள்? அந்தப் பலகையைக் கடை முகப்பில் பார்த்திருக்கலாமே!

எமில் அண்ணை ஒவ்வொரு நாளும் காலையில் மீன் வாங்குவது வாப்பாவிடம்.

“இல்லை அண்ணை. அந்த முக்கியமான இடம் மட்டும் வரேல்ல.”

“நான் அப்பவே சொன்னனானெல்லோ!” கடையே அதிரச் சிரித்தார். நின்றவர்களும் சிரித்தார்கள். டிஸ்க்கைக் காகம் கலைக்கக் கொடுக்கச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு பெரிய வெற்றியை இவ்வளவு கேவலமாக நான் கொண்டாடியதில்லை.

யூலை 5, சனி

காலையிலேயே வாப்பா வந்துவிட்டார், பெரிய பாரை மீன் ஒன்றோடு. ஒழுங்கை முனையிலேயே சத்தம் கேட்டது. மீனை மாமியிடம் கொடுத்துவிட்டு, கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அணைந்திருந்த திரையைப் பார்த்தார்.

“எமில் சொன்னான். வரேல்லயாம்?”

“வரேல்ல வாப்பா. நீங்க கையப் பிடிக்கிறது வருது. அதுக்குப் பிறகு எல்லாரும் சாப்பிடுகினம்.”

“மெய்யாவா?”

“மெய்யா.”

றிபாத் யன்னலடியில் நின்றார், என்னைப் பார்க்கவில்லை. வாப்பாவின் தோள் இரண்டும் இறங்கின. கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். ஒரு நிமிடத்தில் பழைய வாப்பா. “சே, நல்ல இடமெல்லோ போயிட்டுது! நீ பாத்திருக்கோணும், புள்ள. ஒரே மூச்சு! பதிவுகாரரே பயந்திட்டார். இப்பவும் அப்படியே சொல்லுவன், கேக்கிறியா?”

“சொல்லுங்கோ வாப்பா.”

நிமிர்ந்து இருந்தார். தொண்டையைச் செருமினார். ஏலத்துக் குரலை எடுத்தார். “எனது மகள்!” ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். “எனது மகள்...”

அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. என்னைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். நான் திரையில் தூசு இருக்கிறதா என்று பார்த்தேன்.

“என்ன இது, இந்த வீட்டில தேத்தண்ணி இல்லையா?” என்றார்.

“இருக்கு வாப்பா,” என்று குசினிக்குப் போனேன். அடுப்படியில் கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது அவர் மாமிக்குப் பாரை மீன் பிடிபட்ட கதையைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். கோப்பையை நீட்டினேன். கதையை நிறுத்தாமல் கோப்பையோடு சேர்த்து என் கையையும் பிடித்தவர், தேத்தண்ணி ஆறும்வரை விடவில்லை. நானும் எடுக்கவில்லை.